பி. கோகிலவாணிக்கு வந்தவை

ஈரோடு பெருந்துறை ரோட்டில், டயர்க் கடைக்கு மேல்மாடியில் இருக்கிற கொன்றை சாஃப்ட்வேர் கம்பெனியில், ஒரே பேரும் ஒரே இனிஷியலும் கொண்ட இரண்டு பெண்கள் எதிரெதிர் மேசையில் உட்கார்ந்திருக்க, ஒருத்தி குடித்த டீ பாதி அவள் நாக்கிலும் மீதி எதிர்மேசைக்காரி நாக்கிலும் இனித்த காலம் ஒன்று இருந்தது. அதைக் கண்டு ஊரில் யாரும் வாயைப் பிளக்கவில்லை. அந்த நாட்களில் வாயைப் பிளந்தால் உள்ளே யாருடைய காப்பி வந்து விழும் என்று சொல்ல முடியாது, ஆகவே வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார்த்தார்கள்.

மூத்தவள் பி. கோகிலவாணி, கொடுமுடி பொன்னுசாமியின் மகள், நாற்பதை எட்டிக்கொண்டிருந்தவள். அவளுக்கு வீட்டில் பேர் கிடையாது. புருஷன் மனோகரன் அவளை "இந்தா" என்பான், கொஞ்சம் பிரியமான நாட்களில் "இந்தா பாரு" என்பான். மாமியார் "ஏ புள்ள" என்பாள். பிள்ளைகளுக்கு அம்மா, பால்காரருக்குக் கடைசி வீட்டம்மா, பள்ளிக்கூடத்தில் ஹரிணியோட மம்மி. இப்படி ஊரே சேர்ந்து அவள் பேரைத் துடைத்துப் பரண்மேல் போட்டுவிட்டிருக்க, அதை எடுத்துக் கூப்பிட்ட ஒரே இடம் ஆபீஸ். முதலாளி திருமூர்த்தி தன் அறையிலிருந்தபடியே "கோகிலவாணீ" என்று கடைசி எழுத்தை இழுத்துக் கூப்பிடுவார். உள்ளதைச் சொன்னால், சம்பளத்துக்காக இல்லை, அந்த இழுவைக்காகத்தான் அவள் தினமும் டவுன் பஸ்ஸில் இடிபட்டு வந்தாள்.

அப்படி இருந்த இடத்துக்கு, கோபிச்செட்டிபாளையம் பெரியண்ணனின் மகள், கல்யாணமாகி வருஷம் திரும்பாத புதுப்பெண், துறுதுறுவென்று கீபோர்டில் பொரி பொரிக்கிற மாதிரி தட்டுகிற இன்னொரு பி. கோகிலவாணி வேலைக்கு வந்து சேர்ந்தாள். ஒரே பேரில் இரண்டு பேர் இருந்தால் ஆபீஸ் எப்படி நடக்கும்? டீ நேரத்தில் நாலு பேர் கூடிப் பேசி, சிரித்து, பஜ்ஜி தின்று, மூத்தவளை இனிமேல் சீனியர் மேடம் என்று கூப்பிடுவது என்றும், பேரைச் சின்னவளுக்கே விட்டுவிடுவது என்றும் முடிவு செய்தார்கள். மரியாதை செய்துவிட்டதாக அவர்களுக்கு நினைப்பு. மறுநாள் திருமூர்த்தியின் அறையிலிருந்து "கோகிலவாணீ" என்று இழுவை வந்தபோது மூத்தவள் பழக்கத்தில் எழுந்தே விட்டாள்; எழுந்த காலை என்ன செய்வது என்று தெரியாமல் தண்ணீர் குடிக்கப் போனாள். அன்றைக்குப் பிடித்தது அந்த வயிற்றெரிச்சல்.

அதோடு விட்டதா? மதியம் சோற்றுப்பெட்டியைத் திறக்கிற நேரம் பார்த்துச் சின்னவளுக்குப் போன் வரும். புருஷன் சத்தியன், பவானியில் ஜமுக்காளக் கடை வைத்திருக்கிறவன், தறிச்சத்தத்துக்கு நடுவே பேசிப் பழகிய தொண்டை. "கோகீ! சாப்டியா கோகீ?" என்று அவன் கத்துவது போனுக்கு வெளியே தெறித்து எதிர்மேசை வரைக்கும் விழும். சின்னவள் முகம் சிவக்கும், பிறகு காது சிவக்கும், பிறகு கழுத்து. மூத்தவள் தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே இருப்பாள், அது ஏற்கெனவே பிசைந்த சாதம்தான். கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்பார்கள்; அவள் கண்ணுக்கு மட்டும் அடிக்கிற சக்தி இருந்திருந்தால் அந்தப் போன் என்றைக்கோ சில்லு சில்லாகப் போயிருக்கும்.

இந்தக் கம்பெனி பிழைத்ததே சல்லடை என்கிற ஒரு சரக்கை வைத்துத்தான், அந்தச் சல்லடையை முதல் வரியிலிருந்து எழுதியவள் மூத்தவள். ஊரில் பாதிக் கடைகளும் கிளினிக்குகளும் லாரி ஆபீஸ்களும் கல்யாண மண்டபங்களும் ஒன்றுக்கொன்று எக்ஸ்எம்எல் என்கிற பாஷையில் செய்தி அனுப்பிக்கொள்ளும். அதை வாங்கிப் பிரித்து, இது இன்னாருக்கு, இது அன்னாருக்கு என்று ஒதுக்கித் தருவது சல்லடையின் வேலை. அந்தச் செய்தியில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பேர் உண்டு. கிளினிக்காரரும் எடை என்று எழுதுவார், லாரிக்காரரும் எடை என்று எழுதுவார். ஒன்று பிள்ளையின் எடை, மற்றது மஞ்சள் மூட்டையின் எடை. இரண்டும் கலந்துவிடாமல் இருக்கப் பேருக்கு முன்னால் ஒரு முன்னெழுத்துப் போடுவார்கள். ஆனால் அந்த எழுத்து வெறும் சுருக்கம்தான். இந்தச் செய்தியில் இந்த எழுத்து இன்ன விலாசத்தைக் குறிக்கிறது என்று செய்தியின் தலைமாட்டில் நீளமாக ஒரு விலாசம் எழுதியிருக்கும், அதைத்தான் நேம்ஸ்பேஸ் என்பார்கள். ஒரு செய்தியில் க என்றால் கிளினிக்காக இருக்கும், அடுத்த செய்தியில் அதே க கல்யாண மண்டபமாக இருக்கும். ஆகவே எழுத்தை நம்பக்கூடாது, எழுத்துக்குப் பின்னால் நிற்கிற முழு விலாசத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பி என்றால் பொன்னுசாமியா பெரியண்ணனா என்று கேட்கிற மாதிரிதான். மூத்தவள் ஒன்பது வருஷமாக அந்தக் கேள்வியைச் சல்லடை விடாமல் கேட்கும்படி பார்த்துக்கொண்டாள். அதனால் சல்லடை கொஞ்சம் மெதுவாகத்தான் ஓடும்.

சின்னவள் வந்து அதை வேகமாக்கினாள். நீளமான விலாசத்தை ஒவ்வொரு தடவையும் ஒப்பிடுவதை எடுத்துவிட்டு, முன்னெழுத்தையும் பேரையும் மட்டும் ஒப்பிட்டாள். சோதனைக்கு என்று வைத்திருந்த செய்திகளெல்லாம் கொன்றைக்காரர்களே எழுதியவை, எல்லாவற்றிலும் ஒரே எழுத்து ஒரே விலாசத்தைக் குறித்தது, ஆகவே எல்லாம் பச்சை விளக்குக் காட்டித் தேறிவிட்டன. சல்லடை இரண்டு மடங்கு வேகத்தில் பறந்தது. திருமூர்த்தி வெளியே வந்து எல்லார் முன்னாலும் "கோகிலவாணின்னா கோகிலவாணிதான்" என்று கை தட்டினார்.

கொன்றையில் வழக்கம் என்னவென்றால், ஒருத்தர் எழுதியதை இன்னொருத்தர் பார்த்துச் சரி என்று சொல்லாமல் வெளியே போகாது. பார்க்க வேண்டியவள் மூத்தவள். முதல் பார்வையிலேயே கண்டுபிடித்துவிட்டாள், விலாசம் ஒப்பிடுகிற வரி இருந்த இடம் அவளுக்குப் பல் விழுந்த ஈறு மாதிரி தெரிந்தது. கூப்பிட்டுச் சொல்ல ஒரு நிமிஷம் ஆகாது. சொல்லவில்லை. போகட்டும், போய் ஊரெல்லாம் குழம்பட்டும், லாரிக்காரனுக்குப் பிள்ளையும் கிளினிக்குக்கு மஞ்சள் மூட்டையும் போய்ச் சேரட்டும், அப்போது தெரியும் கோகிலவாணின்னா யாரென்று. இப்படி நினைத்துக்கொண்டே "நன்று" என்று தட்டினாள். திருமூர்த்தி வழக்கம்போல் மானிட்டருக்கு எலுமிச்சம்பழம் சுற்றி நசுக்கினார், புதிய சல்லடை ஊருக்குள் இறங்கியது.

அவள் நினைத்த குழப்பம் வரவில்லை. மூட்டைகள் மண்டிக்கே போயின, பிள்ளைகள் கிளினிக்குக்கே போனார்கள். குழம்பியது மனுஷர்கள்தான்.

சூரம்பட்டியில் பேக்கரி வைத்திருந்த ஆர். தனபால் பன்னுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தபோது அவர் தாடையில் பாதி மரத்துப்போனது. அதே நேரம் வீரப்பன்சத்திரத்தில் வேறொரு ஆர். தனபால் பல் பிடுங்க ஊசி போட்டுக்கொண்டு, என்னடா பாதிதான் மரத்திருக்கிறது என்று டாக்டரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். ஒருவர் ராமசாமி மகன், மற்றவர் ரங்கசாமி மகன், இனிஷியல் ஒன்று. அதே மதியம் எம். சரோஜாக்களும் கே. வேலுமணிகளும் ஒருவர் தின்ற பாகற்காயை மற்றவர் துப்பி, ஒருவர் போட்ட தூக்கத்தை மற்றவர் விழித்து, ஒருவருக்கு வந்தது இரண்டாகப் பிரிந்து பாதிப் பாதியாகப் போய்ச் சேர்வதைக் கண்டுகொண்டார்கள். பங்கு பிரிகிறதால் அதற்குப் பேர்ப்பங்காளி என்று பேர் வைத்தது மணிக்கூண்டுப் பக்கம் ஒரு டீக்கடைக்காரர். ஏன் இப்படி என்று யாரும் கேட்கவில்லை. ஈரோட்டுக்காரர்களுக்கு ஏன் என்பதைவிட எப்படிச் சமாளிப்பது என்பதுதான் முக்கியம்.

சமாளித்தார்கள். பேர்ப்பங்காளி யார் என்று தெரிந்தவுடன் வெற்றிலை பாக்கும் ஒரு சீப்பு வாழைப்பழமும் வாங்கிக்கொண்டு போய்ப் பார்ப்பது முறையாயிற்று. மிளகாய் பஜ்ஜி தின்பதற்கு முன்னால் போன் போட்டு, "ஏனுங்க, திங்கலாமுங்களா? உங்களுக்கு வயிறு ஒண்ணும் பண்ணலையே?" என்று கேட்பது நாகரிகமாயிற்று. சர்க்கரை வியாதிக்காரர்கள் தங்கள் பங்காளிகளின் வீட்டு விசேஷங்களுக்குப் போய்ப் பந்தியில் பக்கத்திலேயே உட்கார்ந்து ஜிலேபியைக் கணக்குப் பார்த்தார்கள். டாக்டர்கள் நாடி பிடிப்பதற்கு முன்னால், "உங்க பங்காளி நேத்து என்ன சாப்பிட்டாருங்க?" என்றார்கள். கல்யாண மண்டபங்களில் தாலி கட்டுவதற்கு முன்னால் மைக்கில் பொண்ணு மாப்பிள்ளையின் பேரையும் இனிஷியலையும் வாசித்து, அந்தப் பேர்க்காரர்கள் தயவுசெய்து எதையாவது பிடித்துக்கொண்டு உட்காரும்படி கேட்டுக்கொண்டார்கள். கோயில்களில் பேரும் நட்சத்திரமும் போதவில்லை, "எந்தத் தோட்டமுங்க?" என்று குருக்கள் கேட்க, மேட்டுக்காடு, கிணற்றுத்தோட்டம், பனங்காடு என்று ஜனங்கள் தாத்தா காலத்துத் தோட்டத்துப் பேரைச் சொல்லி அர்ச்சனை செய்துகொண்டார்கள். தோட்டம் விற்றுப் பல வருஷம் ஆன குடும்பங்கள்கூட அந்தப் பேரை மட்டும் வைத்திருந்தன.

சண்டையும் இல்லாமல் இல்லை. குடித்தவன் ஒருத்தன், தள்ளாடியவன் ஒருத்தன் என்று பஞ்சாயத்துகள் நடந்தன. ஆனால் கருங்கல்பாளையத்தில் படுத்த படுக்கையாக இருந்த ஜெ. மரகதம் என்கிற அம்மாள், சித்தோட்டில் இருந்த இன்னொரு ஜெ. மரகதம் வாய்க்கால் கரையில் நடக்கும்போதெல்லாம் தன் பாதத்தில் ஈரமண்ணை உணர்ந்தாள் என்பதும் நடந்தது. அது தெரிந்ததிலிருந்து சித்தோட்டு மரகதம் செருப்பில்லாமல் நடந்தாள்.

இதற்கெல்லாம் காரணம் தெரிந்த ஒரே ஆள் மூத்த கோகிலவாணி. அவள் வாயைத் திறக்கவில்லை, ஏனென்றால் அவளுக்கு ஒன்று வந்துகொண்டிருந்தது.

சல்லடை இறங்கிய மறுநாள் மதியம் சின்னவளின் போன் அடித்தது. "கோகீ!" என்றான் சத்தியன் பவானியிலிருந்து. மூத்தவளின் முகம் சிவந்தது, பிறகு காது, பிறகு கழுத்து. கையில் சோற்றோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். யாரோ தன்னைத் தேடிவந்து, பேர் சொல்லி, சாப்பிட்டாயா என்று கேட்டு, பதிலுக்குக் காத்து நிற்கிற மாதிரி இருந்தது. பாதிதான், ஆனால் பாதியே அவள் இருபது வருஷத்தில் கண்டதைவிட அதிகம். அதன் பிறகு திருமூர்த்தியின் இழுவையில் பாதி வந்தது, சின்னவளின் அம்மா கோபியிலிருந்து "கோகிலாக் கண்ணு" என்றதில் பாதி வந்தது, மூத்தவள் பூ வைத்துக்கொள்ளத் தொடங்கினாள், பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைக்காத நாட்களிலும் சிரித்துக்கொண்டே வந்தாள். மனோகரன்கூட ஒருநாள் அவளை நிமிர்ந்து பார்த்து, "இந்தா, உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று கேட்டான்.

பொறாமையும் குறைந்திருந்தது. மனசு ஆறிவிட்டது என்று அவள் நினைத்தாள். அந்தப் பாதி எங்கே போகிறது என்று அவள் யோசிக்கவில்லை, யோசிக்க வேண்டிய ஆள் அவள்தான்.

அது எங்கே போனது என்று சின்னவளே வந்து சொன்னாள். ஒரு மதியம் சோற்றுப்பெட்டியைத் திறக்காமலே கொண்டுவந்து மூத்தவளின் மேசையோரம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது.

"ஏனுங்க்கா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும். சிரிக்கக் கூடாதுங்க."

"சொல்லு கண்ணு."

"எனக்குப் பொறாமையா இருக்குதுங்க்கா. அப்புடியே அடிவயித்துல ஆசிட் ஊத்துன மாதிரி. யாரு மேலன்னுதான் தெரியல. எங்கம்மா மேல இல்லீங்க, நாத்தனார் மேல இல்லீங்க. எல்லாத்தையும் நெனச்சுப் பாத்துட்டேன்."

மூத்தவள் தண்ணீர் பாட்டிலைத் திறந்து மூடினாள். "வேலைச் சுமையா இருக்கும். எல்லாருக்கும் வர்றதுதான்."

"இல்லீங்க்கா. இவரு போன் பண்ற நேரத்துலதான் ஜாஸ்தியாவுது. அப்பறம் இன்னொண்ணு." சின்னவள் குரலைத் தாழ்த்தினாள். "அவரு கூப்புட்டா முன்ன மாதிரி முழுசா வரலீங்க. பாதிதான் வருது. மீதி எங்கயோ போவுதுங்க்கா. எனக்குத் தெரியும். வேற ஒருத்தி இருக்கறா."

சிரிக்க வேண்டாம் என்று கேட்டவளிடம் மூத்தவளால் சிரிக்க முடியவில்லை. தொண்டைக்குள் ஏதோ சிக்கிக்கொண்டது, அதில் பாதி சின்னவளுக்கும் சிக்கி, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் இருமினார்கள்.

"பேர்ப்பங்காளி யாராச்சும் இருப்பாங்கம்மா. ஊரெல்லாம் நடக்குதே," என்றாள் மூத்தவள் மெதுவாக.

"அதையும் நெனச்சனுங்க. நீங்கதான் இருக்கீங்களே. ஆனா உங்களப் பாத்தா நிம்மதியாத்தான் இருக்கீங்க, பூவெல்லாம் வெச்சுட்டு. பொறாமைப்படற மூஞ்சியா இது? அதுவுமில்லாம டீயும் பஜ்ஜியுந்தான பிரியும், புருஷன் கூப்புடறதுமா பிரியுங்க?"

அப்போது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ருசி கண்ட பூனை உறியை விடுமா? இன்னும் ஒரு மதியம், இன்னும் ஒரே ஒரு "கோகீ" என்று தள்ளிப்போட்டாள். அந்த மதியங்களில் சின்னவளின் போன் பேச்சு மாறிக்கொண்டே வந்தது. "யாரு பக்கத்துல?" என்று கேட்டாள். "மீதிய எவளுக்குக் குடுக்கறீங்க?" என்று கேட்டாள். சத்தியனுக்கு ஒன்றும் புரியாமல் இன்னும் பலமாக, இன்னும் பிரியமாகக் கத்தினான், அதில் பாதி எதிர்மேசைக்குத்தான் வந்தது. அந்த மனுஷன் கொடுத்ததில் குறைவே இல்லை என்று சாட்சி சொல்லக்கூடிய ஒரே ஆள் அங்கே காது சிவந்து உட்கார்ந்திருந்தாள்.

பிறகு ஒரு திங்கட்கிழமை சின்னவள் பெட்டியோடு ஆபீஸ் வந்தாள். பெரிய பெட்டி, கல்யாணத்துக்கு வாங்கியது. சாயங்காலம் நேராகக் கோபி பஸ் ஏறிவிடப் போவதாகவும் பவானிக்கு இனிமேல் திரும்புவதாக இல்லை என்றும் திருமூர்த்தியிடம் சொல்லி, வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன் என்று அனுமதியும் வாங்கிவிட்டாள். மேசைக்கு வந்து உட்கார்ந்து அழாமல் வேலை பார்த்தாள். மதியம் போன் அடித்தது, எடுக்கவில்லை. அடித்து அடித்து ஓய்ந்தது.

மூத்தவளின் காது அன்றைக்குச் சிவக்கவில்லை. முதலில் அவளுக்குத் தோன்றியது, ஐயோ என் பங்கு போச்சே என்பதுதான். அதுதான் அவளுக்கே அருவருப்பாக இருந்தது. அடுத்தவள் குடித்தனத்தில் அடுப்பு அணைகிறது, எனக்கு என் வடை வேகவில்லையே என்று கவலை. எழுந்து, பெட்டியைச் சுற்றிக்கொண்டு எதிர்மேசைக்குப் போனாள்.

"அவரு மேல தப்பு இல்ல, கண்ணு. அந்த மீதி எனக்குத்தான் வருது."

சின்னவள் நிமிர்ந்தாள்.

"விலாசத்தை ஒப்புடற வரிய நீ எடுத்துப்போட்டியே, அதனாலதான் ஊர்ல இதெல்லாம். நான் அன்னைக்கே பாத்துட்டேன். பாத்துட்டுத்தான் நன்றுன்னு போட்டேன். நீ கெட்டுப்போகோணும்னு போட்டேன்."

"எதுக்குங்க?"

"பொறாமை. உனக்கு வயித்துல ஊத்துச்சே, அது என்னுது."

சின்னவள் கீபோர்டிலிருந்து கையை எடுத்தாள். அவள் முகத்தில் கோபம் ஏறியது, அதில் பாதி மூத்தவளுக்கும் ஏறி, தன்மேலேயே கோபப்பட்டு நின்றாள். கடைசியில் சின்னவள் கேட்டாள், "அப்ப நான் எம்மேலயே பொறாமைப்பட்டுட்டு இருந்தனா? அப்புடி எங்கிட்ட என்னதாங்க இருக்குது?"

"உன்னப் பேர் சொல்லிக் கூப்புடறாங்க," என்றாள் மூத்தவள். சொன்னபோது அது இவ்வளவு சின்னதாக இருந்தது அவளுக்கே வெட்கமாகப் போயிற்று.

சின்னவள் மன்னிக்கவில்லை. ஏன் மன்னிக்க வேண்டும்? நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து இடம் கொடுத்தாள். "சரி பண்ணுங்க. எங்கண்ணு முன்னால பண்ணுங்க."

மூத்தவள் உட்கார்ந்து, ஒன்பது வருஷம் அவள் விரல் பழகியிருந்த அந்த வரியை மறுபடி எழுதினாள். எழுத்தைப் பார்க்காதே, எழுத்துக்குப் பின்னால் நிற்கிற விலாசத்தை முழுசாகப் பார், கடைசிப் புள்ளி வரைக்கும் ஒப்பிடு, அப்புறம்தான் யாருக்கு என்று முடிவுசெய். திருமூர்த்தியிடம் வேகம் குறையும் என்று சொல்ல, அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டே எலுமிச்சம்பழம் நசுக்கினார். சல்லடை மறுபடி ஊருக்குள் இறங்கியது. ஊரெல்லாம் அந்த மதியம் ஏதோ அறுந்த மாதிரி இருந்தது என்று பின்னால் சொன்னார்கள். தனபால்கள் இரண்டு பேரும் தாடையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்கள். சித்தோட்டு மரகதம் சாயங்காலமே பஸ் ஏறிக் கருங்கல்பாளையம் போய், கால் எங்கெங்கே பட்டது என்று படுக்கையருகே உட்கார்ந்து சொல்லத் தொடங்கினாள், அதற்கப்புறம் வாரம் தவறாமல் போனாள்.

"சரியாப் போச்சுன்னு எப்புடித் தெரியும்?" என்றாள் சின்னவள்.

"சோதனைச் செய்தியெல்லாம் ஓட்டிப் பாத்துட்டேன். தேறிடுச்சு."

"போன தடவையுந்தான் தேறுச்சு." சின்னவள் போனை எடுத்தாள். "நான் அவரக் கூப்புடறேன். நீங்க அந்தப் பக்கம் உக்காருங்க. எப்பவும் உக்கார்ற மாதிரி."

மூத்தவள் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தாள். மணி ஒரு தடவை அடிப்பதற்குள் எடுத்துவிட்டான்.

"கோகீ! என்ன கோகீ, ஏன் எடுக்கல? சாப்டியா?"

சின்னவளின் முகம் சிவந்தது, காது சிவந்தது, கழுத்து சிவந்தது, கண்ணில் தண்ணீர் கட்டி வழிந்தது, முழுசாக வந்த ஒன்றைத் தாங்கமாட்டாமல் மேசையைப் பிடித்துக்கொண்டாள். எதிர்ப்பக்கம் மூத்தவள் காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. காது ஜில்லென்றே இருந்தது. பிறகு அடிவயிற்றிலிருந்து அந்தப் பழைய எரிச்சல் கிளம்பியது, பகிர்ந்துகொள்ள ஆளில்லாமல், குறையாமல், நெஞ்சுக்கும் தொண்டைக்கும் ஏறியது. இத்தனை பெரிசா இது என்று அவளே மலைத்துப்போனாள்.

சின்னவள் போனைக் கையால் பொத்திக்கொண்டு அவளையே உற்றுப் பார்த்தாள்.

"வருதுங்களா உங்களுக்கு?"

"வருது."

"எவ்வளவு?"

"முழுசும்."

சின்னவள் தன் வயிற்றில் கை வைத்து, கண்ணை மூடிக் கவனித்துப் பார்த்தாள். "எனக்கு ஒரு சொட்டுக்கூட வரலீங்க," என்றாள். "சரியாத்தான் பண்ணியிருக்கீங்க." பிறகு நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, புருஷனோடு பேச ஆரம்பித்தாள்.